பெரும்பாடு

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் "எந்த ஊர் ப்ரோ?" என்று கேட்டு நான் அத்திப்பட்டு என்றால், பத்தில் ஏழு பேர் சிரிப்பார்கள். "அந்த ஊர் மேப்லயே இல்லையே!" 2001-இல் வந்த 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்து காணாமல் போகும் கிராமத்தின் பெயர் அத்திப்பட்டி. எங்கள் ஊர் அத்திப்பட்டு. நன்றாகவே வரைபடத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு. ஒரு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம். இன்னொரு பக்கம் ஆயிரத்து ஐந்நூறு மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம். கிழக்கே 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம். இப்போது அதற்குக் காமராஜர் பெயர். நடுவில் கொசஸ்தலை ஆறு. காயப்போட்ட துணியை உதறாமல் மடிக்க மாட்டார்கள் எங்கள் ஊரில். அது வழக்கமாகிவிட்டதால், ஏன் உதறுகிறோம் என்றுகூட யாரும் யோசிப்பதில்லை.

2020-க்குப் பிறகு நான் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என் அறை ஜன்னல், மொட்டை மாடிக்குப் போகும் பக்கவாட்டுப் படிக்கட்டைப் பார்த்தபடி இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் படிக்கட்டில் நாலு பேர் வந்து உட்காருவார்கள். அம்மா, வயது ஐம்பத்தேழு. மீஞ்சூர் சர்ச்சுக்குப் போகும் எதிர்வீட்டு அத்தை, ஐம்பத்திரண்டு. டெய்லர் அக்கா, நாற்பத்தேழு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அக்கா, நாற்பத்தைந்து இருக்கும். அமெரிக்கக்காரர்கள் எழுந்து மீட்டிங்கிற்கு வர ஆறு மணி ஆகும் என்பதால், நாலிலிருந்து ஐந்து எனக்கும் ஓய்வு நேரம். ஹெட்போனைக் கழற்றி வைத்தால் பேச்சு காதில் விழும்.

என்ன பேசுவார்கள்? முட்டி வலி. தங்கம் விலை. வளைகாப்புக்கெல்லாம் போட்டோ ஷூட் வைக்கிற காலம். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாமா, கூடாதா. தலைக்கு டை அடித்தால் 'இந்த வயசுல என்ன மினுக்கு' என்கிறார்கள், அடிக்காவிட்டால் 'என்ன இப்படிக் கெழவியாட்டம்' என்கிறார்கள். ரீல்ஸில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் உடற்பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு சத்துணவு அக்கா ஒருநாள் சொன்னார்: "நானும்தான் தெனம் இருவது கிலோ அரிசிய தூக்குறேன். எனக்கு எவன் லைக் போட்டான்?"

எனக்கு இதையெல்லாம் கேட்டால் ஒரு பொறியாளனுக்கு வரும் எரிச்சல் வந்தது. அதே முட்டி வலி, அதே மருமகள், அதே தூக்கமின்மை. பிரச்சினை இருந்தால் அதற்கு ஒரு தீர்வு இருக்க வேண்டும், யாராவது அதைச் செய்ய வேண்டும், அத்தோடு டிக்கெட்டை மூடிவிட வேண்டும். ஒருநாள் அம்மாவிடமே சொன்னேன்: "தெனம் இதையே பேசறீங்களே, பேசி என்ன ஆவப்போவுது? ஒரு எலும்பு டாக்டரைப் பாரேன்."

அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உன்கிட்ட யார்றா வழி கேட்டா?"

பேசி என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியை நான் இன்னும் விடவில்லை. அப்போது பதில் தெரியும் என்று நினைத்துக் கேட்டேன். இப்போது தெரியாமல் கேட்கிறேன். ஒன்றையும் மாற்றாத பேச்சுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

*

போன வருடம் ஒரு வாரம் முழுக்க டெய்லர் அக்கா படிக்கட்டில் உட்காரவே இல்லை. வருவார், சுவரில் சாய்ந்து நின்றபடி பேசுவார், போய்விடுவார். நாற்பது வருடம் பெண்களோடு பழகிய கண் அம்மாவுக்கு. "ஏன்டி நிக்கிற?" என்று கேட்டார். "இல்லக்கா, மெஷின்ல உக்காந்து உக்காந்து இடுப்பு புடிச்சிக்கிச்சு." அடுத்த நாளும் நின்றார். அம்மா தன் பேச்சை ஆரம்பித்தார். தனக்கு நிற்கப்போகும் காலத்தில் எப்படி இருந்தது, திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போன இடத்தில் புடவை நனைந்து என்ன பாடுபட்டார், அப்பாவிடம்கூடச் சொல்லாமல் எத்தனை பழைய வேட்டியைக் கிழித்தார் என்றெல்லாம். என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத கதை அது. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். அந்த வருடம் வீட்டில் நடந்ததாக எனக்கு நினைவிருப்பது என் செமஸ்டர் மட்டும்தான்.

அம்மா முடித்ததும் டெய்லர் அக்கா அழ ஆரம்பித்தார். நாலு மாதமாக நிற்காமல் போகிறதாம். உட்கார்ந்த இடம் கறையாகிவிடுமோ என்ற பயத்தில் எங்கேயும் உட்காருவதில்லை. தையல் மெஷினின் ஸ்டூலில் ரப்பர் ஷீட் விரித்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது, படி ஏற முடியவில்லை. ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறார். ஸ்கேன் பார்த்த பத்தாவது நிமிடம், "அதான் ரெண்டு புள்ள பெத்தாச்சே, இனிமே அது எதுக்கு, எடுத்துடலாம்" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்குக் குழுவில் வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. பேசாமல் திரும்பி வந்துவிட்டார். "நிக்கப்போற நேரம் எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா."

எதிர்வீட்டு அத்தை உடனே சொன்னார்: "இது சும்மா தீட்டு இல்லடி. பெரும்பாடு. பைபிள்லயே வருது."

அந்தச் சொல்லை நான் அன்றுதான் கவனித்தேன். மாதவிடாயில் அளவு மீறிய உதிரப்போக்குக்குத் தமிழ் மருத்துவத்தில் பெரும்பாடு என்று பெயர். தமிழ் பைபிளிலும் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணுக்கு அந்தச் சொல்தான். டெய்லர் அக்காவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். பெயர் இருக்கிறதென்றால் அது வேறு யாருக்கோ முன்பே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை கடற்கரை போகும் வண்டியைப் பிடித்து மூவரும் ராயபுரத்தில் இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ஹீமோகுளோபின் 6.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். நார்த்திசுக் கட்டி. ரத்தம் ஏற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள். கர்ப்பப்பையைப் பற்றி அவசரப்பட வேண்டாம், மருந்துக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம் என்றார்கள்.

இதையெல்லாம் கேட்டபிறகு இணையத்தில் உட்கார்ந்து படித்தேன். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேற்கு நாடுகளில் 51. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். திடீரென்று உடல் கொதித்து வியர்ப்பது பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நீடிக்கும் என்று அமெரிக்காவில் நீண்டகாலம் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கர்ப்பப்பையை அவசரமாக எடுப்பதும் ஏதோ ஒரு நர்சிங் ஹோம் விவகாரம் மட்டும் அல்ல. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது என்று 2019-இல் அரசு அமைத்த குழு கண்டறிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. ஆனால் இந்தக் கணக்கு 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களுக்கு மட்டும். ஐம்பது ஆனால் கணக்கிலிருந்து வெளியே. ஆண்களுக்கு 54 வரை எடுக்கிறார்கள். பிள்ளை பெறும் வயதை வைத்து வகுத்த எல்லை அது, காரணம் புரிகிறது. ஆனாலும் எனக்கு அந்தப் படத்து அத்திப்பட்டிதான் ஞாபகம் வந்தது.

*

டெய்லர் அக்கா தேறி வந்து மறுபடி படிக்கட்டில் உட்கார்ந்த அன்று, எதிர்வீட்டு அத்தை அந்த பைபிள் கதையைச் சொன்னார். பன்னிரண்டு வருடம் வைத்தியர்களிடம் இருந்ததையெல்லாம் செலவழித்தும் அவளுக்கு மோசமாகத்தான் ஆனது. கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் துணியைத் தொட்டாள், நின்றுவிட்டது. அவர் திரும்பி, தொட்டது யார் என்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

சத்துணவு அக்கா கேட்டார்: "அதான் நின்னு போச்சே. அத்தோட அவள வுட்ற வேண்டியதுதான? எதுக்குக் கூப்ட்டு, அத்தினி பேர் முன்னாடி பேச வெச்சாரு?"

அத்தை சற்று நேரம் யோசித்தார். "நின்னது ஒடம்புல. பன்னெண்டு வருசம் ஒதுக்கி வெச்சாங்களே, அது எப்பிடி நிக்கும்?"

பேச்சு எதை மாற்றுகிறது என்பதற்கு நான் கேட்ட பதில்களில் இதுதான் நேரானது. என் தொழில் பாஷையில் இதை வேறு மாதிரி சொல்லலாம். ஒரே ஒரு பயனர் "உங்க ஆப் வேலை செய்யல" என்றால், நாங்கள் முதலில் அவரைத்தான் சந்தேகப்படுவோம். போனை அணைத்துப் போடுங்கள், சரியாக அழுத்தினீர்களா என்போம். அதே புகார் பத்து இடத்திலிருந்து வந்தால்தான் கோடைத் திறப்போம். அதுவரை அது அந்த மனிதரின் தவறு. அதற்குப் பிறகு அது எங்கள் பிழை. பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாததால் அது ஒருவரின் குறையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தத்துவத்தில் இதற்கு இணையான ஒரு சிந்தனை உண்டு. மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் எழுதிய நூலில், அறிவு சார்ந்த அநீதி என்று ஒன்றைச் சொல்கிறார். தனக்கு நடப்பதைப் புரிந்துகொள்ளத் தேவையான சொல்லே தன் சமூகத்தில் இல்லாமல், அல்லது தன் கைக்கு எட்டாமல் இருப்பது. அவர் காட்டும் உதாரணம், 1970-களில் அமெரிக்கப் பெண்கள் சிலர் கூடிப் பேசி, அலுவலகங்களில் தங்களுக்கு நடந்ததற்குப் பாலியல் துன்புறுத்தல் என்று பெயர் வைத்தது. அதுவரை ஒவ்வொருத்தியும் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தாள்.

எங்கள் படிக்கட்டில் இந்தக் கேள்வி தினமும் நடக்கிறது. ராத்திரி உடம்பு கொதிக்கிறது, தூக்கம் இல்லை, இருமல் விடமாட்டேன் என்கிறது. இது வயசா, சாம்பலா, மருமகளா? அம்மா வயசு என்பார். சத்துணவு அக்கா புகைபோக்கியைக் காட்டுவார். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது அவருடைய அக்கா வீடு அங்கே இருந்தது. நெடி தாங்காமல் மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. "அன்னிக்கு வயசா அது?" என்று கேட்பார். யாரிடமும் பதில் இருக்காது. தனியாகப் படுத்திருக்கும் ஒருத்திக்கு இந்தக் கேள்வியே எழாது. தன் உடம்பு கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். நாலு பேர் ஒப்பிடும்போதுதான் எது என்னுடையது, எது ஊருடையது, எது காலத்துடையது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

ஒரு முழு ஊரே இப்படிப் பிரித்துப் பார்த்த கதை உண்டு. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், லவ் கனால் என்ற பழைய கால்வாயில் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மூடி, 1953-இல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் விற்றார்கள். மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி, தன் மகனின் நோய்க்குக் காரணம் தேடி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கருச்சிதைவு, பிறவிக் குறை, சிறுநீரகக் கோளாறு என்று பெண்கள் சொன்னதையெல்லாம் வரைபடத்தில் குறித்தார்கள். புதைந்துபோன பழைய ஓடைகளின் தடத்தில் நோய்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. இல்லத்தரசிகள் சேகரித்த உதவாத தகவல் என்று அதிகாரிகள் முதலில் தள்ளினார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை அங்கிருந்து இடம் மாற்றினார்கள். கழிவிடங்களைச் சுத்தம் செய்யும் சட்டமே 1980-இல் வந்தது.

எங்கள் படிக்கட்டு லவ் கனால் இல்லை. அங்கே வரைபடமும் கிடையாது. அந்தப் பேச்சில் தவறுகளும் நிறைய. கர்ப்பப்பையை எடுத்தால் நினைவு தப்பும் என்பார்கள், வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தை நம்புவார்கள். பிழை இருக்கிறது என்று சொல்வது வேறு, பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதற்கு மருத்துவரும் ஆய்வும் வேண்டும். ஆனால் முதலாவது நடக்காமல் இரண்டாவது தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

*

இதையெல்லாம் ஒருநாள் என் மனைவியிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃப்ரிக்கர், கிப்ஸ், படிக்கட்டு. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உனக்கு அது தத்துவம். எனக்கு அது விசாரணைக் கமிஷன்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. முதல் இரண்டு வருடம் அவளும் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தவள்தான். "விசேஷம் ஏதாவது உண்டா?", "நாள் தள்ளிச்சா?", "வேலைய வுட்டுட்டு கொஞ்ச நாள் சும்மா இரேன்மா." நல்ல மனதோடு கேட்டவைதான் எல்லாம். டெய்லர் அக்காவின் கண்ணீரைத் துடைத்த அதே கைதான் இவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. இவள் மாடிக்குத் துணி எடுக்கப் போவதை ஐந்து மணிக்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டாள்.

சங்க இலக்கியத்தில் இந்தப் பேச்சுக்கு இரண்டு பெயர் உண்டு. வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல்; ஊரறியப் பேசினால் அலர். இரண்டுமே பூவோடு சேர்த்துப் பார்க்கும் சொற்கள், அரும்பாக இருப்பதும் மலர்வதும். பேசுபவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெண்கள். பேசப்படுபவள் ஒரு பெண், அந்த இடத்தில் அவள் இருக்க மாட்டாள். அதாவது, நான் வியந்துகொண்டிருக்கும் இந்தப் பேச்சுக்கு இரண்டாயிரம் வருடமாக இன்னொரு வேலையும் உண்டு. ஒருத்தியை ஊர் கண்காணிப்பது அதன் வழியாகத்தான். தலைக்கு டை அடிப்பதிலிருந்து பிள்ளை பெறுவது வரை, அந்த நாலு பேரும் புலம்பும் நெருக்கடிகளை இன்னொருத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்களேதான்.

அப்படியென்றால் ஒரே வாய், ஒரே படிக்கட்டு, ஒருத்திக்கு மருந்தாகவும் இன்னொருத்திக்கு விசாரணையாகவும் எப்படி ஆகிறது? இரக்கம் என்று சொல்ல முடியாது, இரண்டு இடத்திலும் இரக்கம் இருந்தது. உண்மை என்றும் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்ததில் ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது. டெய்லர் அக்காவிடம் அம்மா "உனக்கு என்ன?" என்று இரண்டாம் முறை கேட்கவில்லை. தன் நனைந்த புடவையை முதலில் எடுத்து வைத்தார். என் மனைவியிடம் கேட்டவர்கள் யாரும் தங்களுடையது எதையும் எடுத்து வைக்கவில்லை. அவள் சொன்னால் அவளுக்கு நஷ்டம், கேட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. தன்னிடம் இருப்பதையும் இழக்கத் தயாராக வந்து பேசுகிறவர்களிடம்தான் நாம் உண்மையைச் சொல்ல முடியும். மற்றவர்கள் கேட்பது, எத்தனை அன்பாகக் கேட்டாலும், விசாரணைதான்.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

படித்துவிட்டு, "சரிதான்," என்றாள். "ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேக்கறவன் என்ன எடுத்து வெச்சான்?"

*

அவள் கேட்டதன் அர்த்தம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். நாலு வருடம் முன்பு பரிசோதனை செய்துகொண்டோம். அவளுக்கு ஒன்றும் இல்லை. விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது எனக்கு. அந்த ரிப்போர்ட் என் லேப்டாப் பையின் உள் ஜிப்பில் நாலு வருடமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவெடுத்ததாகவும் ஞாபகம் இல்லை. தள்ளிப்போட்டேன், தள்ளிப்போட்டது பழகிவிட்டது, துணியை உதறுவது மாதிரி. அந்த நாலு வருடமும் ஒவ்வொரு "விசேஷம் உண்டா"வும் அவள் மேல்தான் விழுந்தது. அவள் ஒரு தடவைகூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. டெய்லர் அக்கா மாதிரிதான், அவளும் எங்கேயும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் உள்ளே ஃப்ரிக்கரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நாலேகால் மணிக்குப் படிக்கட்டுக்குப் போனேன். பேச்சு நின்றது. என்னைப் பார்த்தால் அப்படி நிற்கும் என்பதையே அன்றுதான் கவனித்தேன். அம்மா "என்னடா, காபி வேணுமா?" என்றார். கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ரயில் ஒன்று போனதால் நடுவில் ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டெய்லர் அக்கா மேற்படியிலிருந்து இறங்கி ஒரு படி கீழே வந்து உட்கார்ந்தார். எதிர்வீட்டு அத்தைதான் கேட்டார்:

"டாக்டர் இன்னா சொன்னாரு தம்பி?"

இதே கேள்வியை இதே அத்தை என் மனைவியிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். நான் பதில் சொன்னேன். மாத்திரை, மறுபரிசோதனை, வேறு வழிகள், செலவு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தீர்வு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத எல்லோரிடமும் அனுமதி கேட்டேன். "பேர் மட்டும் போடாத," என்றார் அம்மா. பிறகு, "அவகிட்ட கேட்டியா?" என்றார். கேட்டேன். அவள் இன்னும் படிக்கட்டில் உட்காரவில்லை. ஆனால் நேற்று நாலரைக்கே மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சத்துணவு அக்கா காலை மடக்கி வழி விட்டார்.